மாட்டுத் தோலில் கட்டி வந்தால் எல்லாமே 'லம்பி' இல்லை: ஊசிக்கு முன்னாடி ஒரு பிளேடு எடுங்க!

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னை சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் மகனின் வாட்ஸ்அப்பில் ஊரிலிருந்து ஒரு போட்டோ வந்து விழுகிறது. மங்கலான வெளிச்சம். பசுவின் கழுத்து. அதில் நாலைந்து தடிப்பு. கூடவே அப்பாவின் வாய்ஸ் நோட்: "தம்பி, செவலைக்கு ஒடம்பெல்லாம் கட்டி கட்டியா இருக்குப்பா. அந்த லம்பியா இருக்குமோ? நெட்டுல என்ன மருந்துனு பாத்துச் சொல்லு."

மகன் தேடுகிறார். அஞ்சு நிமிஷத்தில் ஒரு யூடியூப் வீடியோவும் ஒரு மருந்தின் பெயரும் கிடைக்கிறது. பெயரை அப்பாவுக்கு ஃபார்வர்டு செய்கிறார். அப்பா மருந்துக் கடைக்குப் போய் வாங்குகிறார். ஊரில் ஊசி போடத் தெரிந்த ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போகிறார். மாடு குணமாகலாம், ஆகாமலும் போகலாம். அது என்ன நோய் என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாது.

இந்தக் காட்சி புதிதல்ல. நகரத்தில் சம்பளம் வாங்கும் பிள்ளைக்கும் ஊரில் மாடு வைத்திருக்கும் பெற்றோருக்கும் நடுவில் இன்று ஒரு போன் இருக்கிறது. அந்த போன்தான் பல வீடுகளில் முதல் 'டாக்டர்'. பிரச்சினை போனில் இல்லை. தோல் நோய் என்றாலே பார்த்த உடனே பெயர் சொல்லிவிடலாம், பெயர் தெரிந்தால் ஊசி போட்டுவிடலாம் என்ற நினைப்பில்தான் பிரச்சினை. கண்ணுக்கு நேரே தெரியும் நோய் என்பதாலேயே கால்நடைகளின் தோல் நோய்க்குத்தான் அதிகமாகக் குத்துமதிப்பு வைத்தியம் நடக்கிறது.

லம்பி என்ற பயம் எங்கிருந்து வந்தது?

தோல் கழலை நோய். ஊரில் 'மாட்டு அம்மை', செய்திகளில் 'லம்பி வைரஸ்'. 1929-ல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதன்முதலில் பதிவானது. இந்தியாவுக்குள் 2019-ல் ஒடிசாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2022-ல் குஜராத், ராஜஸ்தான் பக்கம் அது ஆடிய ஆட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டில் மட்டும் நாடு முழுக்க 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. சாலையோரம் குவிந்து கிடந்த மாடுகளின் படங்கள் தமிழ்நாட்டு போன்களுக்கும் வந்து சேர்ந்தன. அதன் பிறகு மாட்டின் மேல் எது வீங்கினாலும் 'லம்பி'தான்.

இது ஆட்டம்மை வைரஸின் நெருங்கிய சொந்தக்காரன். கடிக்கும் ஈக்கள், கொசு, உண்ணி வழியாகப் பரவுகிறது. அதனால்தான் மழைக்காலத்தை ஒட்டி இதன் வேகம் கூடுகிறது. முதலில் கடுமையான காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகல், தீவனம் எடுக்காமல் நிற்பது, பால் சட்டென்று இறங்குவது. பிறகுதான் 2 முதல் 5 சென்டிமீட்டர் அகலத்தில் உருண்டையான, கெட்டியான கட்டிகள். தலை, கழுத்து, மடி, பிறப்புறுப்புப் பகுதி என்று வரும். தொட்டுப் பார்த்தால் அது தோலின் முழு ஆழத்துக்கும் இறங்கியிருப்பது கையில் தெரியும். தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் நிணநீர் முடிச்சு வீங்கியிருக்கும். கால்களில் நீர் கோர்க்கலாம்.

ஆனால் இதே மாதிரி தோற்றம் தரும் ஒரு டஜன் விஷயங்கள் இருக்கின்றன. பூச்சிக் கடி அல்லது ஒவ்வாமையால் வரும் தடிப்பு சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் பொங்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அமுங்கிவிடும். 'போலி லம்பி' என்றே ஒன்று இருக்கிறது. அது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். கட்டி தோலின் மேல்தளத்தோடு நிற்கும், நடுவில் லேசாகக் குழி விழும், மாடு பெரிதாகத் துவளாது, சுமார் இரண்டு வாரத்தில் பெரிய தழும்பில்லாமல் ஆறிவிடும். டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சி மயிர்க்கால்களுக்குள் குடியேறினாலும் கழுத்திலும் தோளிலும் சின்னச் சின்ன உருண்டைகள் வரும். படர்தாமரை, மழைக்காலப் பொருக்கு நோய் என்று பட்டியல் நீளும்.

இதில் எது என்பதைப் பொறுத்து வைத்தியமே தலைகீழாக மாறும். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. காய்ச்சலையும் வலியையும் தணித்து, புண்ணில் ஈ உட்காராமல் பார்த்து, கிருமித் தொற்று சேர்ந்தால் மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் வழி. வழக்கமாக லம்பி வந்த மாடுகளில் 100-க்கு 1 முதல் 5 வரைதான் இறக்கும். மற்றவை கவனிப்பில் தேறும். நுண்பூச்சிக்கு அதற்கான மருந்து வேண்டும். பூஞ்சைக்கு வேறு. ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் எதுவுமே வேண்டாம்.

ஒரு பிளேடு, ஒரு சொட்டு எண்ணெய், ஒரு மைக்ரோஸ்கோப்

இங்கேதான் ஒரு வேடிக்கை. கால்நடைத் தோல் நோயில் மிக முக்கியமான பரிசோதனைகள் பலவும் விலை மலிவானவை. புண்ணின் நடுவில் அல்ல, அது பரவிக்கொண்டிருக்கும் ஓரத்தில், ஒரு மொட்டை பிளேடில் லிக்விட் பாரஃபின் தடவி, ரத்தம் லேசாகக் கசியும் வரை சுரண்ட வேண்டும். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சொறி உண்டாக்கும் நுண்பூச்சிகள் கால் அசைத்துக்கொண்டு தெரியும். பூஞ்சை சந்தேகம் என்றால் புண்ணின் ஓரத்து மயிர்களைப் பிடுங்கி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். மழைக்காலப் பொருக்கு என்றால் பொருக்கைப் பிய்த்து, நீரில் ஊறவைத்து, சாயம் போட்டுப் பார்த்தால் அந்த பாக்டீரியா ரயில் தண்டவாளம் மாதிரி இரட்டை வரிசையில் நிற்கும். ஒருமுறை பார்த்த மாணவர் அதை மறக்கமாட்டார்.

எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை. லம்பியை உறுதிசெய்ய மட்டும் பி.சி.ஆர். வேண்டும். அதற்குக் கட்டித் திசுவோ பொருக்கோ ஆய்வகத்துக்குப் போகணும். மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்து நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கல்லூரிகளும் இருக்கின்றன. ஆக, அறிவுக்குப் பஞ்சமில்லை.

பிறகு ஏன் சுரண்டிப் பார்ப்பது வழக்கமாகவில்லை? மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது சுலபம். ஒரு கால்நடை மருந்தகத்தில் காலையில் சினை ஊசி, குடற்புழு நீக்கம், கால் ஒடிந்த ஆடு, வயிறு உப்பிய மாடு என்று வரிசை நிற்கும்போது, உயிருக்கு ஆபத்தில்லாத சொறிக்கு மைக்ரோஸ்கோப்பைத் திறக்க யாருக்கு நேரம்? இன்னொரு பக்கம், மாட்டுக்காரரின் எதிர்பார்ப்பு. ஊசி போடாத டாக்டரை ஊர் டாக்டராகவே மதிக்காது. "சுரண்டிட்டுப் போனாரு, மருந்து ஒண்ணும் கொடுக்கல" என்பது புகார். இரண்டு பக்கமும் கைகோர்த்துத்தான் 'பார்த்தவுடன் ஊசி' என்ற பழக்கத்தை வளர்த்திருக்கின்றன.

இதற்கு மருத்துவர் ஒவ்வொருவரின் தலையிலும் அட்வைஸ் கொட்டுவதைவிட, மருந்தகத்தில் ஒரு லேப் டெக்னீஷியனையும் வேலை செய்யும் ஒரு மைக்ரோஸ்கோப்பையும் வைப்பது புத்திசாலித்தனம். புது ஆம்புலன்ஸுக்குக் கொடி அசைத்தால் செய்தியில் படம் வரும். மைக்ரோஸ்கோப்புக்கு வராது. அதுதான் கஷ்டம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சுரண்டிப் பார்த்து எதுவும் தெரியவில்லை என்றால் நுண்பூச்சி இல்லை என்று அர்த்தமில்லை. சார்காப்டெஸ் வகை தோலுக்குள் சுரங்கம் தோண்டி ஒளிந்துகொள்ளும், எண்ணிக்கையும் குறைவாக இருக்கலாம். அதனால் நாலைந்து இடங்களில் எடுக்கணும். அப்போதும் சிக்காமல், அரிப்பும் அடையாளங்களும் பொருந்தினால் மருத்துவர் சந்தேகத்தின் பேரிலேயே வைத்தியம் தொடங்கலாம். அதுவும் ஒரு யூகம்தான். ஆனால் பார்த்துவிட்டுச் செய்யும் யூகம்.

தப்பான ஊசி என்ன செய்யும்?

'ஒண்ணும் ஆகாது, போட்டுப் பார்க்கலாம்' என்பதுதான் வழக்கமான வாதம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கணும்.

முதல் ஆள் ஸ்டீராய்டு. அரிப்பு எதனால் வந்தாலும் டெக்ஸாமெத்தசோன் மாதிரியான ஊசி அதை மளமளவென்று அடக்கும். மாட்டுக்காரருக்குத் திருப்தி. ஆனால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குகிறது. உள்ளே இருப்பது பூஞ்சையோ டெமோடெக்ஸோ வைரஸோ என்றால் அதற்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. நிறைமாதச் சினை மாட்டுக்குப் போட்டால் கன்று கலைந்துபோகலாம். சொறிக்குப் போட்ட ஊசியால் கன்று போச்சு என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்தது ஐவர்மெக்டின். அருமையான மருந்து. 1981-ல் கால்நடைகளுக்காகச் சந்தைக்கு வந்து, பிறகு மனிதர்களின் பார்வையையும் காப்பாற்றியது. இதன் மூலத்தைக் கண்டுபிடித்த சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது நுண்பூச்சி, பேன், சில புழுக்கள் மேல்தான் வேலை செய்யும். படர்தாமரையை அது தொடாது. வைரஸைத் தொடாது. கொழுப்பில் கரைந்து பாலில் வெளியே வரும் மருந்து என்பதால் பல தயாரிப்புகளின் லேபிளிலேயே, மனிதர்களுக்குப் பால் கறக்கும் மாட்டுக்கு வேண்டாம் என்று அச்சடித்திருக்கும். அந்த எழுத்து எவ்வளவு பொடி என்பது தனிக் கதை.

இங்கேதான் நகரத்து பிளாட்டில் காலையில் டீ போடுபவருக்கும் இந்தக் கதையில் பங்கு வருகிறது. ஆன்டிபயாட்டிக்கோ பூச்சி மருந்தோ போட்ட மாட்டின் பாலை, குறிப்பிட்ட நாட்களுக்கு விற்கக் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து முழுசாகப் போய்விடாது. சரி, சொல்வது சுலபம். இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு வாரப் பால் காசு என்பது மளிகைக் கடன், பிள்ளையின் பஸ் பாஸ், வட்டி. அந்தப் பாலைச் சாக்கடையில் கொட்டச் சொல்லும் சட்டம், அதற்கான நஷ்டத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. அப்படியிருக்க, 'விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை' என்று ஒற்றை வரியில் முடிப்பது நியாயமில்லை. சொசைட்டி மூலமாக ஊற்றாத பாலுக்கு ஒரு சிறு ஈட்டுத்தொகை கிடைத்தால் நிலைமை மாறும். தேவையே இல்லாத ஊசியைத் தவிர்த்தால் அந்தக் கேள்வியே பாதி மாடுகளுக்கு எழாது. மறுபடியும் பிளேடுக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும்தான் வந்து நிற்கணும்.

காய்ச்சல் ஊசியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். 2023-ல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் சேர்ந்தன. மெலாக்சிகாம் கழுகுக்குப் பாதுகாப்பானது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் கழுகுகள் மிச்சமிருக்கின்றன. லம்பிக் காய்ச்சலுக்கு எந்த ஊசி என்பது அவற்றுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

தோலில் தெரியும், நோய் தோலில் இல்லை

கறுப்பு வெள்ளைக் கலப்பின மாடு. வெள்ளைத் தோல் இருக்கும் இடத்தில் மட்டும் சிவந்து, வெடித்து, காய்ந்த பட்டை மாதிரி உரிகிறது. பக்கத்திலேயே இருக்கும் கறுப்புத் தோல் பளபளவென்று நன்றாக இருக்கிறது. எந்தக் கிருமிக்கும் நிறம் பார்த்துத் தாக்கத் தெரியாது. காட்டோரம் மேய்ந்தபோது உண்ணிச்செடியைத் தின்றிருக்கும். பொறம்போக்கெல்லாம் பூத்துக் கிடக்கும் அந்தச் செடியின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கிறது. கல்லீரல் வெளியேற்ற வேண்டிய, பச்சையிலிருந்து வரும் ஒரு பொருள் ரத்தத்தில் தங்கி, வெயில் பட்டதும் நிறமில்லாத தோலை வேகவைக்கிறது. கண் மஞ்சளாக இருக்கும், சாணம் இறுகும்.

இதற்குச் சொறி மருந்து தடவினால்? ஒன்றும் நடக்காது. மாட்டை இருட்டான நிழலில் கட்டி, மேய்ச்சலை மாற்றி, கல்லீரலுக்கு வைத்தியம் பார்த்தால்தான் உயிர் தப்பும். 'எங்க மேஞ்சுது?' என்ற ஒரு கேள்வி இங்கே மைக்ரோஸ்கோப்பைவிடப் பெரிது.

கண்ணைச் சுற்றி முடி வெளுத்துக் கண்ணாடி போட்ட மாதிரி தெரிந்தால் தாமிரச் சத்துக் குறைவாக இருக்கலாம். தோல் தடித்துப் பொருக்குத் தட்டுவது துத்தநாகக் குறைவாலும் வரும். தாது உப்புக் கலவைப் பாக்கெட் ஒன்றில் முடியவேண்டிய விஷயம் ஆறு ஊசிக்குப் போவது உண்டு.

குதிரை என்பது பெரிய மாடு அல்ல

மெரினாவிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பார்த்து செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு. நாடு முழுக்க 2019 கணக்கெடுப்பில் குதிரை, மட்டக்குதிரை எல்லாம் சேர்த்தே 3.4 லட்சம்தான். மாடுகளோ 19 கோடிக்கு மேல். எண்ணிக்கை குறைவு என்பதால் குதிரை பார்த்துப் பழகிய மருத்துவரும் குறைவு. மாட்டு மருந்தே குதிரைக்கும் போகிறது.

அதில் உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்று அமிட்ராஸ். மாட்டு உண்ணிக்கும் சொறிக்கும் தண்ணீரில் கலந்து தெளிக்கும் சாதாரண மருந்து. குதிரைக்குத் தெளித்தால் குடல் அசைவு நின்று, பெருங்குடலில் சாணம் கட்டி, வயிற்றுவலியில் துடித்துச் சாகலாம். கொட்டகையில் மாட்டுக்கு வாங்கி வைத்த அதே பாட்டில். குதிரை வைத்திருப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் இந்த ஒரு வரியை மட்டுமாவது அனுப்பிவிடலாம்.

குதிரைக்குப் பிடரியிலும் வால் அடியிலும் முடி கொட்டி, மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறது என்றால் பெரும்பாலானோர் 'பங்கஸ்' என்பார்கள். பல நேரம் அது பொடிக் கொசு மாதிரி இருக்கும் ஒரு பூச்சியின் எச்சிலுக்கு வரும் ஒவ்வாமை. அந்தப் பூச்சி விடியலிலும் அந்தியிலும்தான் கடிக்கும், பலமாகப் பறக்கத் தெரியாது. அந்த நேரத்தில் லாயத்துக்குள் கட்டி ஒரு பெரிய ஃபேனைப் போட்டாலே பாதி வைத்தியம் முடிந்தது. காலில் ஆறாத புண், அதில் அரிசி நொய் மாதிரி மஞ்சள் துணுக்குகள் என்றால் ஈ கொண்டுவந்து விட்ட புழுவின் வேலை. அதற்கு ஐவர்மெக்டின் சரியான மருந்துதான்.

மாட்டில் வரும் மருவை எடுத்துக்கொள்ளுங்கள். இளங்கன்றுகளில் கொத்துக் கொத்தாக வரும், சில மாதங்களில் தானாக உதிரும். அதே மரு வைரஸ் குதிரைக்குப் போனால் சார்காய்டு என்ற, லேசில் போகாத தோல் கட்டியாக மாறுகிறது. குதிரைகளில் அதிகம் காணப்படும் தோல் கட்டி அதுதான். மரு என்று நினைத்து நூல் கட்டியோ அரைகுறையாக வெட்டியோ சீண்டினால் முன்னைவிட வேகமாக வளரும்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது கிளாண்டர்ஸ். காலில் நிணநீர் ஓடும் வழி நெடுக மணி கோர்த்த மாதிரி முடிச்சுகள் வந்து, உடைந்து, தேன் போன்ற சீழ் வடியும். மூக்கிலும் புண் வரும். மனிதருக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. 2009-ன் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் வரும் நோய். ஆய்வகத்தில் உறுதியானால் குதிரையை வலியின்றிக் கொன்று புதைப்பதுதான் நடைமுறை, உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. அதைச் சாதாரணக் கட்டி என்று கையுறை இல்லாமல் பிதுக்கி மருந்து போட்டவரின் நிலைமையை நினைத்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு சுவாரஸ்யம். லம்பிக்கென்றே இந்தியாவில் உருவான தடுப்பூசியை மாட்டு ஆராய்ச்சி நிலையம் மட்டும் உருவாக்கவில்லை. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையம், இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. 2022-ல் அதை அறிவித்தார்கள். அதுவரை, ஏன் அதன் பிறகும், களத்தில் கைகொடுத்தது ஆட்டம்மைத் தடுப்பூசிதான்.

பாட்டி வைத்தியம் வேண்டாமா?

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மரபுவழி மூலிகை மருத்துவத்தில் பல ஆண்டுகள் வேலை நடந்திருக்கிறது. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்து உள்ளுக்கும், குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சளை எண்ணெயில் காய்ச்சி மேலுக்கும் தரும் முறையைத் தேசியப் பால்வள வாரியமும் லம்பி காலத்தில் பரப்பியது. வைரஸுக்கு நேரடி மருந்தில்லாத நோயில், ஈயை விரட்டிப் புண்ணை ஆற்றும் எண்ணெய்க்கு நியாயமான இடம் இருக்கிறது.

பிரச்சினை வேறு. கருகிய இன்ஜின் ஆயில், டீசல், பேட்டரி தண்ணீர் ஆகியவையும் 'கை வைத்தியம்' என்ற பெயரில் தடவப்படுகின்றன. மாடு நக்கும். அது வயிற்றுக்குள் போகும். தோல் வெந்து, இருந்த நோயோடு தீக்காயமும் சேரும். இன்னொன்று, எதையாவது பூசிவிட்ட பிறகு மருத்துவர் வந்தால் சுரண்டிப் பார்க்கவும் முடியாது, கண்ணால் பார்க்கவும் முடியாது. மஞ்சளானாலும் வேப்பெண்ணெயானாலும், முதலில் காட்டிவிட்டுப் பிறகு பூசலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனுக்குத் திரும்புவோம்

மகன் மருந்துப் பெயரைத் தேடுவதற்குப் பதிலாக அப்பாவிடம் என்ன கேட்டிருக்கலாம்? காய்ச்சல் இருக்கா, தீவனம் எடுக்குதா, பால் எத்தனை லிட்டர் இறங்கிச்சு? கட்டி எத்தனை நாளா இருக்கு, ஒரே ராத்திரியில் வந்ததா? சொறியுதா, சும்மா இருக்கா? பக்கத்து மாட்டுக்கு இருக்கா? புதுசா மாடு வாங்கிக் கட்டினீங்களா? எங்க மேஞ்சுது? லம்பி என்றால் அரிப்பைவிடக் காய்ச்சல் முன்னால் நிற்கும். சொறி என்றால் மாடு தூணை விடாது.

இன்னொரு கேள்வி பலருக்குத் தோன்றாது: "வீட்ல யாருக்காவது அரிக்குதாப்பா?" லம்பி மனிதருக்கு வராது. அந்தப் பாலைக் காய்ச்சிக் குடிப்பதிலும் பயமில்லை. ஆனால் படர்தாமரை வரும். கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்து விளையாடும் குழந்தையின் கன்னத்திலோ, பால் கறக்கும் அம்மாவின் முன்கையிலோ வட்டமாக ஒரு சிவப்பு இருந்தால், மாட்டின் நோய்க்கு அது ஒரு துப்பு. சார்காப்டெஸ் சொறியும் கொஞ்ச நாள் ஆளை அரிக்கவைக்கும். ஆட்டின் வாயோரப் புண் ஒன்று, அதைத் தொட்டவர் விரலில் கொப்புளமாக வரும். குழந்தையை ஸ்கின் டாக்டரிடம் கூட்டிப் போகும்போது வீட்டில் மாடு இருப்பதைச் சொல்லாமல் விட்டால், அங்கேயும் சோப்பை மாற்றச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

போட்டோவும் உதவும், ஒழுங்காக எடுத்தால். பகல் வெளிச்சத்தில், எதையும் பூசுவதற்கு முன், மாடு முழுசாக ஒன்று, கட்டியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் பிடித்து ஒன்று, மடியும் கால்களும் ஒன்று. அதை அனுப்ப வேண்டியது உறவினர் குரூப்புக்கு இல்லை, கால்நடை மருத்துவருக்கு. மருந்தகம் தூரம் என்றால் 1962 என்ற இலவச எண் இருக்கிறது. மாட்டின் காதில் இருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், எந்த மாட்டுக்கு எப்போது என்ன தடுப்பூசி போட்டது என்று தேட வசதி.

மருத்துவர் வரும்வரை அந்த மாட்டைத் தனியாகக் கட்டி, கொசு அடையாமல் வேப்பிலைப் புகை போட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பிரித்து வைத்தால் போதும். சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். 2022-ல் நோய் மாவட்டம் தாண்டியதில் ஈ கொசுவோடு லாரிகளுக்கும் பங்கு உண்டு. நோய் வராத பக்கத்து மாடுகளுக்கு அம்மைத் தடுப்பூசியை வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னாலேயே, அதாவது செப்டம்பருக்குள், போட்டு முடித்திருக்கணும். ஊசி போட்ட இடத்தில் சின்னதாக வீங்கும், ஒன்றிரண்டு நாள் பால் குறையலாம். அதைப் பார்த்து "ஊசி போட்டுத்தான் லம்பி வந்துச்சு" என்று அடுத்த வாய்ஸ் நோட் வந்தால், அதை ஃபார்வர்டு செய்வதற்கு முன் அப்பாவிடம் கேட்க வேண்டியது அதே முதல் கேள்விதான்: காய்ச்சல் இருக்காப்பா?